முதல் குத்துப்பை: கடற்கரையில் குத்துச்சண்டை பழகத் தொடங்குகிறவர்களுக்கு

தடைக்காலம் தொடங்கியதும் எங்கள் கரையில் ஏதாவது ஒரு பூவரச மரத்தில் சாக்கு ஒன்று தொங்க ஆரம்பித்துவிடும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது போக மிச்ச நேரத்தில் பையன்களுக்குக் கை துறுதுறு என்று இருக்கும். ஒருவன் போனில் குத்துச்சண்டை வீடியோ பார்ப்பான். மறுநாள் காலையில் கடற்கரை மணலைச் சாக்கில் நிரப்பி, நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நாலு பேர் வெறுங்கையால் மாறி மாறிக் குத்துவார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சாக்கு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். குத்தினவர்கள் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

நானும் தங்கச்சிமடத்தில் பதினேழு வயதில் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் நாள் வலது கையில் சுண்டுவிரலுக்குக் கீழே வீங்கியது. சுளுக்கு என்று நினைத்துத் தடவி விட்டார்கள். எலும்பு முறிந்திருந்தது என்பது இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. இன்றும் கையை மூடினால் மூன்று விரல்முட்டிதான் எழும்பி நிற்கும், நாலாவது உள்ளே போய்விட்டது. மருத்துவத்தில் இந்த முறிவுக்கே குத்துச்சண்டைக்காரர் முறிவு என்று பெயர். ஆனால் ஒழுங்காகப் பழகின குத்துச்சண்டைக்காரர்களைவிட, சுவரையும் மணல் மூட்டையையும் குத்துகிறவர்களுக்குத்தான் அது அதிகம் வரும்.

பையில் பல வகை உண்டு. எந்தப் பை எதைக் கற்றுத்தரும் என்று தெரிந்துகொண்டு, சரியான வரிசையில் ஒவ்வொன்றாகப் போனால் கையும் பிழைக்கும், ஆட்டமும் வரும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கை

பைக்கு முன்னால் வாங்க வேண்டியது கையில் சுற்றுகிற துணி. குத்துச்சண்டை பழகுகிற இடங்களில் பேண்டேஜ் என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு 180 அங்குல நீளம், அதாவது நாலரை மீட்டர். சிறுவர்களுக்கு 120 அங்குலம் போதும். கொஞ்சம் இழுபடுகிற ரகமாக இருந்தால் சுற்றப் பழகுவது எளிது.

விரல்களை நன்றாக விரித்துக்கொள்ளுங்கள். துணியின் முனையில் உள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டுங்கள். புறங்கை வழியாக இறக்கி மணிக்கட்டில் மூன்று சுற்று. பிறகு புறங்கையில் ஏறி, விரல்முட்டிகள் மேல் மூன்று சுற்று. அடுத்து சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் விட்டு எடுத்து மணிக்கட்டுக்கு வாருங்கள். அப்படியே மற்ற இரண்டு இடுக்குகளிலும் ஒவ்வொரு முறை. கட்டைவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத் துணியை முட்டியிலும் மணிக்கட்டிலும் பகிர்ந்து ஒட்டி முடித்துவிடுங்கள். கையை மூடினால் இறுக்கமாக இருக்க வேண்டும், விரித்தால் தளர வேண்டும். விரல் நுனி வெளுத்தாலோ மரத்தாலோ அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள்.

"கிளவுஸ்தான் இருக்கேண்ணே, துணி எதுக்கு?" என்று கேட்காத பையன் இல்லை. கிளவுஸ் தோலையும் எதிரே நிற்கிறவர் முகத்தையும் காப்பாற்றும். கைக்குள் இருக்கிற சின்னச் சின்ன எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது துணிதான். இரண்டும் வேண்டும்.

பையில் குத்துவதற்கு 12 அல்லது 14 அவுன்ஸ் கிளவுஸ் சரியாக இருக்கும். ஆளோடு ஆள் ஸ்பாரிங் செய்ய 16 அவுன்ஸ் தனியாக வேண்டும், அது பின்னால் பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டில் மீரட்டிலும் ஜலந்தரிலும் செய்கிற கிளவுஸ்தான் பெரும்பாலும் கடைக்கு வருகிறது. மாட்டிப் பார்க்கும்போது கையில் துணி சுற்றியிருக்க வேண்டும். வெறுங்கையில் அளவு பார்த்து வாங்கினால் அப்புறம் துணியோடு கை நுழையாது.

கடல் தொழில் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். வலை இழுத்துப் பழகின கை எப்போதும் இறுகியே இருக்கும். கயிறு நழுவக் கூடாது என்று விரல், முன்கை, தோள் எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். குத்துக்கு இது நேர் எதிர். கை கிளம்பும்போது தளர்வாக இருந்து, படுகிற அந்தக் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். எங்களிடம் வருகிற மீனவப் பையன்களுக்குப் பலத்தில் குறையே கிடையாது. ஆனால் முதல் மாதம் முழுக்க "கையை விடு, தோளை இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் இரண்டு வாரம் பையைத் தொடவே வேண்டாம். நிற்கிற நிலை, கால் நகர்த்துவது, வெறும் காற்றில் ஜாப் (முன் கையால் நேராகக் குத்துவது), கிராஸ் (பின் கையால் நேராகக் குத்துவது). ஈர மணலில் செய்தால் உங்கள் கால் தடத்தைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு காலும் ஒரே கோட்டில் விழுந்திருந்தால், லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடுவீர்கள்.

கையில் கயிறு அறுத்த காயமோ உப்புத் தண்ணீரில் வெடித்த வெடிப்போ இருந்தால், அது ஆறும்வரை காற்றில் மட்டும் குத்துங்கள். வியர்வை ஊறின கிளவுஸுக்குள் திறந்த காயத்தை வைத்தால் சீழ் பிடிக்கும்.

முதல் பை: ஹெவி பேக்

ஒரே ஒரு பைதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். மேலே சங்கிலியில் தொங்குகிற, நாலடி உயரமுள்ள உருளை. ஜாப், கிராஸ், கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுகிற ஹூக் எல்லாவற்றையும் இதில் பழகலாம். குத்தில் எடையை இறக்குவது எப்படி, எவ்வளவு தூரத்தில் நிற்பது, மூச்சை எப்போது விடுவது, மூன்று நிமிடம் கையைத் தூக்கிப் பிடித்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையெல்லாம் இந்தப் பைதான் சொல்லித்தரும்.

கனம் எவ்வளவு? உங்கள் உடல் எடையில் பாதி என்பது ஜிம்களில் புழங்குகிற கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 30 கிலோ பை. கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. எடை குறைந்தவர்கள், பெண் பிள்ளைகள் பெரிய பையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மேரி கோம் வெண்கலம் வென்றது 51 கிலோ பிரிவில். உங்கள் எடைக்கு ஏற்ற பையை வைத்துப் பழகுங்கள், அவ்வளவுதான்.

ஆன்லைனில் விற்கிற பைகளில் பாதிக்கு மேல் காலிப் பைதான். படத்தில் கும்மென்று தெரியும், கையில் வருவது மடித்த உறையாக இருக்கும். நிரப்பியதா, காலியா என்று படித்துவிட்டு வாங்குங்கள். காலியாக வாங்குவதில் தப்பில்லை. ராமநாதபுரத்துக்கு இந்தப் பக்கம் 30 கிலோ பார்சலை வரவழைப்பதைவிட, உறையை வாங்கி இங்கே நிரப்புவது மலிவு. நிரப்புவதைத்தான் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

மணல் ஏன் வேண்டாம் என்று கணக்காகவே சொல்கிறேன். நாலடி உயரம், ஓரடி குறுக்களவு உள்ள பைக்குள் ஏறத்தாழ 90 லிட்டர் இடம் இருக்கும். காய்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ. முழுக்க நிரப்பினால் 130 கிலோவைத் தாண்டிவிடும். அதே பையில் பழைய துணியை இடித்து நிரப்பினால் 30 கிலோவை ஒட்டி நிற்கும். கனம் ஒரு பக்கம் இருக்கட்டும், மணல் ஒவ்வொரு குத்துக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பத்து நாளில் அடிப்பாகம் அம்மிக்கல் மாதிரி ஆகிவிடும், மேல்பாகம் தொளதொள என்று கிடக்கும். நம் கடற்கரை மணலில் உப்பும் இருக்கிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், பை உள்ளேயிருந்து இற்றுப்போகும்.

பழைய கிரேக்கர்களிடமும் தொங்குகிற பை இருந்தது. கொரிகோஸ் என்று பெயர். மெலிந்தவர்களுக்கு அத்தி விதையோ மாவோ நிரப்பினதும், பலசாலிகளுக்கு மணல் நிரப்பினதும் கொடுத்தார்கள். புதிதாக வருகிறவனுக்கு மெத்தென்ற பை என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

நிரப்புகிற முறை இது. பழைய வேட்டி, கைலி, புடவை, பனியன் துணிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தையல் கடையில் கேட்டால் வெட்டுத்துணி மூட்டையாகவே கிடைக்கும். பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். பெரிய துணியை இரண்டு கை அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். பையின் உள்சுவரை ஒட்டி ஒரு பழைய யோகா பாயையோ மெல்லிய ஸ்பாஞ்சையோ சுருட்டி நிறுத்துங்கள், குத்து மெத்தென்று விழும். பிறகு அரையடி உயரத்துக்குத் துணி போட்டு உலக்கையால் இடியுங்கள். மறுபடி அரையடி, மறுபடி இடி. இதில் அவசரப்படக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் ஒரு மாலை முழுக்க ஆகும். நிரப்பித் தொங்கவிட்ட இரண்டு வாரத்தில் துணி அமுங்கி மேலே இடம் விழும். திறந்து இன்னும் கொஞ்சம் திணியுங்கள்.

கனம் போதவில்லை என்றால், காய்ந்த ஆற்று மணலை ஒரு கிலோ பொட்டலங்களாகக் கட்டுங்கள். இரண்டு பிளாஸ்டிக் உறை, மேலே டேப், அதற்கு மேல் துணி. இந்தப் பொட்டலங்கள் பையின் நட்டநடுவில்தான் இருக்க வேண்டும். ஓரத்துக்கு வரவே கூடாது. எல்லாவற்றையும் அடியில் போடாமல் உயரத்துக்கு ஒன்றாகப் பரப்பி வையுங்கள்.

பழைய வலையை வைத்து நிரப்பலாமா என்று எங்கள் பக்கம் நிறைய பேர் கேட்பார்கள். முறுக்கு நூல் வலை என்றால் துணியோடு கலந்து போடலாம். நரம்பு வலை வேண்டாம், வெட்டின முனை உறையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். எந்த வலையாக இருந்தாலும் போடுவதற்கு முன் கையால் ஒவ்வொரு முழமாகத் தடவிப் பாருங்கள். ஒரு முறை நாங்கள் நிரப்பின பையில், வலை ஓரத்தில் கோத்த ஈயக் குண்டு ஒன்று தப்பி உள்ளே போய்விட்டது. மூன்று வாரம் எதுவும் தெரியவில்லை. துணி அமுங்க அமுங்க அது நகர்ந்து ஓரத்துக்கு வந்து, ஒரு தம்பியின் நடுவிரல் முட்டியில் பட்டது. கிளவுஸும் துணியும் இருந்தும் ஒரு மாதம் அவனால் குத்த முடியவில்லை. சுண்டைக்காய் அளவு ஈயம்தான்.

கடையில் உறை வாங்க வழியில்லாமல் சாக்கிலேயே செய்கிறவர்களுக்கும் சொல்கிறேன். தாராளமாகச் செய்யலாம். இரண்டு சாக்கை ஒன்றுக்குள் ஒன்றாக விட்டு, மேலே பழைய தார்ப்பாயைச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முண்டு மிளகாய் கட்டின சாக்கை மட்டும் எடுக்காதீர்கள். நம் மாவட்டத்தில் சும்மா கிடக்கிற சாக்கில் பாதி மிளகாய்ச் சாக்குதான். எத்தனை முறை உதறினாலும், குத்துக்குக் குத்து அதன் தூசி கிளம்பும். வியர்த்த முகத்தில் அது பட்டால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. நெல் சாக்கு, அரிசிச் சாக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கே, எதில் தொங்கவிடுவது

ஃபேன் கொக்கியில் மட்டும் தொங்கவிடாதீர்கள். ஃபேன் கனம் நாலைந்து கிலோ, அசையாமல் தொங்கும். 30 கிலோ பை ஒவ்வொரு குத்துக்கும் குதிக்கும், பக்கவாட்டில் இழுக்கும். கடலை ஒட்டின பழைய காங்கிரீட் வீடுகளில் கம்பி துருப்பிடித்து ஊதி, கூரைப் பூச்சு பெயர்ந்து விழுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட கூரையில் பையை மாட்டுவது தலைக்கு மேல் ஆபத்தைத் தொங்கவிடுகிற மாதிரி. மாட்டியே ஆக வேண்டும் என்றால், தட்டுக் கூரையை விட்டுவிட்டுப் பீமில் மாட்டுங்கள். பீம் கெட்டியாக இருக்கிறதா என்று கொத்தனாரிடம் காட்டிவிட்டு, ஆங்கர் போல்ட் அடித்து மாட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது வெளியிடம்தான். தொடை பருமன் உள்ள வேப்பங்கிளை, பூவரசங்கிளை நன்றாகத் தாங்கும். மரம் இல்லாவிட்டால் கெட்டியான சவுக்குக் கம்புகளை இரண்டு பக்கமும் கத்தரிக்கோல் மாதிரி நட்டு, மேலே பனங்கையைப் படுக்கப் போட்டுக் கட்டலாம். வைரம் பாய்ந்த பனங்கை பல வருஷம் அசையாது. கீற்றுக் கொட்டகையின் மூங்கிலில் தொங்கவிட வேண்டாம். கொட்டகையே ஆடும்.

உயரம் முக்கியம். பையின் அடிமுனை உங்கள் இடுப்புக்குச் சற்றுக் கீழே வர வேண்டும், நாலடிப் பை என்பதால் மேல்முனை உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அப்போதுதான் தாடைக்கும் குத்தலாம், விலாவுக்கும் குத்தலாம். சுற்றி நடக்க நாலு பக்கமும் இடம் விடுங்கள்.

இனி உப்பு. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்ற எத்தனை தலைமுறை சுரண்டிப் பெயின்ட் அடித்தது என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். அதே காற்றுதான் உங்கள் சங்கிலியிலும் படுகிறது. பையோடு வருகிற பளபளப்பான மெல்லிய சங்கிலி இங்கே ஒரு மழைக்காலம் தாண்டாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, படகுச் சாமான் விற்கிற கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷேக்கிளும் (சங்கிலியை மாட்டுகிற U வடிவ வளையம்) சங்கிலியும் வாங்குங்கள். 316 ரகம் என்று கேளுங்கள். சமையலறைச் சாமான் செய்கிற 304 ரகத்தைவிட அது உப்பைத் தாங்கும். நடுவில் சுழல்கிற இணைப்பு ஒன்று போட்டால் சங்கிலி முறுக்கிக்கொள்ளாது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கண்ணிகள் உரசுகிற இடத்தில் கிரீஸ் தடவுங்கள். கண்ணி தேய்ந்து பாதியானால் உடனே மாற்றிவிடுங்கள். பையின் மேல் வளையங்களைப் பிடித்திருக்கிற தையலையும் பாருங்கள், முதலில் விட்டுப்போகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

உறை விஷயத்தில் தோல்தான் நீண்ட நாள் உழைக்கும் என்பார்கள். ஏசி ஜிம்முக்கு அது சரி. நம் ஈரக்காற்றில் தோலைத் துடைத்துப் பராமரிக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெளியில் தொங்கவிடுகிறவர்களுக்கு ரெக்சின் மாதிரியான செயற்கை உறை போதும், வெயில் நேரே படாமல் நிழலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பையோடு முதல் மாதம்

போட்டியில் அமெச்சூர் ஆட்டம் மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. நீங்கள் இரண்டு நிமிட ரவுண்டில் தொடங்குங்கள். முதல் வாரம் மூன்று ரவுண்டு, பாதி பலத்துக்குக் கீழே. முதல் ரவுண்டில் ஜாப் மட்டும். இரண்டாவதில் ஜாப், கிராஸ். மூன்றாவதில் குத்திவிட்டு ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்வது.

முன் இரண்டு விரல்முட்டிகள்தான் பையில் பட வேண்டும், ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள். மணிக்கட்டும் முன்கையும் ஒரே கோடாக இருக்க வேண்டும். கட்டைவிரல் வெளியே, விரல்களின் மேல் மடங்கியிருக்க வேண்டும். எட்டிக் குத்தக் கூடாது, ஒட்டியும் நிற்கக் கூடாது. கையை நீட்டினால் முழங்கை லேசாக மடங்கின நிலையில் கிளவுஸ் பையில் பதிகிற தூரம்தான் உங்கள் தூரம்.

நன்றாகக் குத்துகிறோமா என்பதைப் பையே சொல்லும். ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வந்தால் நீங்கள் குத்தவில்லை, தள்ளுகிறீர்கள். கை பட்டதும் திரும்பி முகத்துக்கு வந்துவிட்டால் பை இருந்த இடத்திலேயே துள்ளும், "தப்" என்று குறுகின சத்தம் வரும். அந்தச் சத்தம் முதலில் இருபது குத்துக்கு ஒரு முறை வரும். நான் பையன்களைக் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொல்வேன். குத்துகிறவன் யார் என்று தெரியாமலே, சத்தத்தைக் கேட்டு "இது தள்ளு, இது குத்து" என்று சொல்லப் பழகினால், தங்கள் முறை வரும்போது அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

இன்னொன்று. பை திருப்பி அடிக்காது. அதனால் கை தானாகக் கீழே இறங்கும், தாடை திறந்து கிடக்கும். ஒவ்வொரு குத்துக்கும் மறு கை கன்னத்தில் ஒட்டியிருக்கிறதா என்று யாராவது ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாவிட்டால் போனை எதிரே வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது பை: டபுள் எண்ட்

மேலேயும் கீழேயும் இழுபடுகிற கயிற்றில் கட்டின சின்னப் பந்து. குத்தினால் பின்னால் போய், அதே வேகத்தில் உங்கள் முகத்துக்குத் திரும்பி வரும். ஹெவி பேக் தராத இரண்டு விஷயத்தை இது தரும்: குறி, நேரம். நகர்கிற தலை எங்கே இருக்கும் என்று பார்த்துக் குத்தவும், குத்தினதும் தலையை விலக்கவும் இதைவிட நல்ல பயிற்சி பையில் இல்லை. பலம் இங்கே வேலை செய்யாது. ஓங்கிக் குத்தினால் பந்து கண்டபடி ஆடும், அடுத்த குத்து காற்றில் போகும்.

இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் நம் ஊரில் இல்லை. பழைய கால்பந்தையோ வாலிபாலையோ எடுத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வலை பின்னத் தெரிந்த பெரியவர் யாரிடமாவது கொடுத்து, பந்தைச் சுற்றி இறுக்கமாக ஒரு வலைக்கூடு பின்னித் தரச் சொல்லுங்கள். மேலே ஒரு காது, கீழே ஒரு காது. எங்களுக்கு அப்படிப் பின்னித் தந்த ஐயா, கண்ணி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று மட்டும் கேட்டார், பேசிக்கொண்டே பின்னி முடித்துவிட்டார். மேல் காதை நைலான் கயிற்றால் கிளையில் கட்டுங்கள். கீழ்க் காதில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி, தரையில் அடித்த முளையில் இழுத்து மாட்டுங்கள். பந்து உங்கள் முகத்து உயரத்தில் நிற்க வேண்டும். டியூபை இறுக்கினால் பந்து வேகமாக வரும், தளர்த்தினால் மெதுவாக வரும். தளர்வாகவே தொடங்குங்கள்.

முதல் நாள் பத்துக்கு எட்டு தவறும். ஜாப் மட்டும் குத்தி, பந்து திரும்பி வரும்போது அதை உள்ளங்கையால் பிடித்து நிறுத்துங்கள். அடுத்து ஜாப், ஜாப். அது வந்தபிறகு கிராஸ். ஹெவி பேக்கில் ஒரு மாதம் ஆனபிறகு இதற்கு வாருங்கள், பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

மற்ற பைகள்

மெய்ஸ் பேக் என்று ஒன்று உண்டு. மக்காச்சோளம் நிரப்பின உருண்டைப் பை, பெயரே அதில் வந்ததுதான். தலை உயரத்தில் தொங்கவிட்டு, லேசாக ஆட்டிவிட்டு, அது வரும்போது தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விலக்கப் பழகுவதற்கு. சின்னத் துணிப்பையில் நெல் உமி நிரப்பினாலே போதும். திருவாடானைப் பக்கம் ரைஸ்மில்லில் உமி கிடைக்கும். இது குத்துவதற்கான பை இல்லை, விலகுவதற்கானது. புதியவர்கள் இதைத் தள்ளிப் போடுவார்கள். நான் தள்ளிப் போட வேண்டாம் என்பேன், தினம் ஐந்து நிமிடம் போதும்.

ஸ்பீட் பால்: பலகைக்குக் கீழே தொங்குகிற சொட்டு வடிவக் காற்றுப் பந்து. பார்க்க அழகாக இருப்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். ஒரு தட்டுத் தட்டினால் பின்பலகையில், முன்பலகையில், மறுபடி பின்பலகையில் என்று மூன்று முறை மோதும், அப்புறம் அடுத்த தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, தட்டு. தாளம் பிடிபட்டால் கையைத் தூக்கி வைத்திருக்கிற தோள் பலமும் கண்ணும் கூர்மையாகும். பந்தின் பருத்த பகுதி உங்கள் வாய் உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் பலகை இம்மியும் அசையாமல் சுவரில் பொருத்தியிருக்க வேண்டும், வெளியில் வைத்தால் காற்றுக் காலத்தில் பந்து தானாகவே ஆடும். நிலையான கட்டடம் கிடைத்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கீழிருந்து மேலே குத்துகிற அப்பர்கட்டுக்கென்று மேலே பருத்துக் கீழே ஒடுங்கின பை, சுவரில் பதிக்கிற மெத்தைப் பை எல்லாம் ஜிம்மில் இருந்தால் பயன்படுத்துங்கள், வீட்டுக்குத் தேவையில்லை. ஆறடி நீளத் தொங்குபை உதையும் சேர்ந்த முவாய் தாய் மாதிரியான ஆட்டங்களுக்கு. தண்ணீர் நிரப்புகிற உருண்டைப் பை மூட்டுக்கு மிகவும் மென்மையாக இருக்கும், மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு நல்லது, விலை அதிகம்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடாதவர்களுக்குத் தரையில் நிற்கிற பை உண்டு. அடிப்பாகத்தில் தண்ணீரோ மணலோ நிரப்ப வேண்டும். இங்கே மட்டும் மணலுக்குச் சம்மதம், அடி கனமாக இருந்தால்தான் சாயாது. டைல்ஸ் தரையில் நகர்ந்துகொண்டே போகும், அடியில் ரப்பர் பாய் போடுங்கள். ஓங்கிக் குத்துகிறவர்களுக்கு இது தாங்காது.

படகு ஓரத்தில் கட்டுகிற பழைய டயர்களை அடுக்கித் தொங்கவிட்டுக் குத்துவதையும் நம் கரையில் பார்க்கலாம். துணியும் கிளவுஸும் போட்டுக்கொண்டு குத்தினால் ஒன்றும் ஆகாது, ஆனால் டயர் வெடித்து உள்கம்பி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மிதவையைத் தொங்கவிட்டுக் குத்துவது வேண்டவே வேண்டாம், அது கல்லுக்குச் சமம்.

நேரம், வியர்வை, ஆசான்

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் பத்து மணிக்குப் பையில் குத்தி மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். தொடங்குவதற்கு அரை மணி முன்னால் நீராகாரமோ மோரோ குடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி கடலில் இருந்துவிட்டுத் தூக்கமில்லாமல் வந்த காலையில் பை வேண்டாம். முடிந்ததும் சுற்றின துணியை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். கிளவுஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒரு மாதம் தாண்டியும் ஆர்வம் குறையாமல் இருந்தால் ஒரு பயிற்சியாளரைத் தேடுங்கள். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்குப் போய், அருகில் குத்துச்சண்டை சொல்லித்தருகிறவர்கள் யார் என்று விசாரிக்கலாம். நாமாகப் பழகிய தப்பைத் திருத்த ஆறு மாதம் ஆகும், ஆசான் கண் பட்டால் ஆறு நாள். ஆளோடு ஆள் ஸ்பாரிங் என்பது பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். வாயில் பல் காப்பு, தலைக்கவசம் இல்லாமல் நண்பர்களுக்குள் "சும்மா ஒரு ரவுண்டு" வேண்டாம். கை வீங்கி, இரண்டு நாளில் வலி குறையாவிட்டால் தடவிக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

ஜூன் 14 நெருங்கும்போது படகு வேலை கூடிவிடும், பையை மறந்துவிடுவீர்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னால் பையைக் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்புப் போகத் துடைத்து, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, வீட்டுக்குள் நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டால் துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மாதம் ஒரு முறை தலைகீழாகத் திருப்பி நிறுத்துங்கள், அமுங்கின துணி சமமாகும். ஷேக்கிளில் கிரீஸ் தடவிக் காகிதத்தில் சுற்றிப் பைக்கு மேலேயே கட்டிவையுங்கள். அடுத்து மாட்டும்போது தேட வேண்டியிருக்காது.